மச்சான் கட்டாரிலிருந்து அணைத்த குசினி விளக்கு

என் ராத்தாவைக் கட்டிய மச்சான் கட்டாரில் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை செய்கிறார். ராத்தாவும் இரண்டு மகள்மாரும் பள்ளிவாசல்துறையில் கடலுக்குக் கிட்ட இருக்கிறார்கள். நான் புத்தளம் டவுனில் கணினி திருத்துகிறவன். இருப்பது அவர்களுக்கு அடுத்த வளவில். ஆகவே அந்த வீட்டில் எது பழுதானாலும், அதற்குக் கணினியோடு சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒருமுறை லீவில் வந்திருந்த மச்சான் ஒரு குறை சொன்னார். ராத்தாவும் பிள்ளைகளும் கல்யாண வீடு, பேர் வைக்கிற வீடு என்று போய்விட்டால் மஃரிபுக்குப் பிறகும் வாசல் இருட்டிக் கிடக்கிறதாம். அங்கே இருந்துகொண்டு அதை நினைத்தால் அவருக்கு வேலை ஓடுவதில்லையாம். என்னிடம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சின்னக் கணினி சும்மா கிடந்தது. ஒரே ஒரு பலகைதான், திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அதைக் கொண்டு விளக்கைப் போனிலிருந்தே போடலாம் என்று வாயை விட்டேன்.

மின்சாரக் கம்பியில் நான் கை வைப்பதில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, ஒவ்வொரு விளக்குக்கும் போகிற கம்பியின் நடுவில் ரிலே என்கிற சின்ன சுவிட்சைப் பூட்டிக் கொடுத்தார். சின்னக் கணினி சொன்னால் அது 'டக்' என்று திறக்கும், மூடும். நான் ஒரு இணையப் பக்கம் எழுதினேன். வாசல், ஹோல், குசினி, கிணத்தடி என்று நான்கு பொத்தான்கள். ரிலே கரண்டை விட்டால் பச்சை, மறித்தால் சாம்பல் நிறம். மச்சான் கதிரையில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாக அமத்தினார். வீடு எரிந்து அணைந்து எரிந்தது. மகள்மார் கைதட்டினார்கள். ராத்தா மட்டும் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, எழும்பிப் போய் சுவிட்சைப் போட உங்களுக்கு ஏலாதா என்று கேட்டாள்.

வெளிநாட்டிலிருந்தும் அந்தப் பக்கத்தைத் திறக்க ஒரு வழி செய்து, கடவுச்சொல்லையும் கொடுத்து அனுப்பினேன். முதல் சில கிழமைகள் எல்லாம் அழகாகப் போயின. மஃரிபு பாங்கு சொல்லும்போது வாசல் விளக்கு தானாகப் பற்றிக்கொள்ளும். அக்கம்பக்கத்தார் அதிசயமாகப் பார்த்தார்கள். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

பிறகுதான் மச்சான் அந்தப் பக்கத்தைப் பேப்பர் படிக்கிற மாதிரிப் படிக்கத் தொடங்கினார். குசினி ஏன் பகலிலும் பச்சையாக இருக்கிறது, கிணத்தடியில் இந்நேரம் யார் என்று ராத்தாவுக்குக் கோல் வரும். கொஞ்ச நாளில் கோல் நின்றது. கேட்பதை விட்டுவிட்டு அவரே அணைக்கத் தொடங்கியிருந்தார். எங்கள் கம்பி வேலையில் ஒரு சிக்கல் இருந்தது: அங்கே அவர் அணைத்துவிட்டால் இங்கே சுவரில் எத்தனை தரம் சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு எரியாது.

ராத்தா கல்யாண வீடுகளுக்கு மஸ்கட் என்கிற இனிப்புக் கிண்டிக் கொடுப்பாள். தாச்சியில் மாப்பால் இறுகி எண்ணெய் பிரிகிற நேரத்தில் அகப்பையை நிறுத்தினால் எல்லாம் அடிப்பிடித்துவிடும். ஒருநாள் சரியாக அந்த நேரத்தில் குசினி இருண்டது. கையை எடுக்க ஏலாமல் இருட்டில் கிண்டிக்கொண்டே அவள் மகளைக் கூப்பிட, மகள் போன் வெளிச்சத்தோடு ஓடி வர, அந்தப் போனிலேயே கோல் அடித்தது. மச்சான்தான். குசினியில் ஆள் இல்லை என்று நினைத்தாராம்.

மறுநாள் ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். "தம்பி, அவரு கட்டார்ல இருந்து என்ட குசினிய மூடுறாரு. அவர அதுக்குள்ளால வெளிய போடு."

கடவுச்சொல்லை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்வது? இரண்டு பேரும் கதைத்து முடிவெடுங்கள் என்று சொல்லி நழுவினேன். அவர்கள் கதைக்கவில்லை. ராத்தா சின்னக் கணினியின் பிளக்கைக் கழற்றத் தொடங்கினாள். அது நின்றால் விளக்கெல்லாம் பழையபடி சுவர் சுவிட்சுக்கே எரியும்படி எலக்ட்ரீஷியன் கட்டியிருந்ததை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.

பக்கம் திறக்காமல் கட்டாரிலிருந்து அவர் எனக்குக் கோல் எடுப்பார்; அவருக்கும் நான் மச்சான்தான். "மச்சான், வீட்டக் காணோம்."

போய்ப் பார்ப்பேன். பிளக் தரையில் கிடக்கும். ராத்தா கரண்ட் இல்லை என்பாள். அவளுடைய தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்த லீவில் மச்சான் வந்து இறங்கிய அன்றே, சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி எல்லோரும் இருக்கும்போது, அதே மாதிரி இன்னொன்று செய்து தரும்படி ராத்தா என்னிடம் கேட்டாள். எதற்கு என்றேன். "கட்டார்ல அவர்ட கட்டிலுக்கு," என்றாள். மச்சான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை; ஆகவே நானும் சிரிக்கவில்லை.

கம்பெனி அறையில் கம்பி வேலை செய்ய விடமாட்டார்கள் என்பதால், இன்னொரு சின்னக் கணினியில் சொருகுகிற மேசை விளக்கு ஒன்றைப் பூட்டி மச்சானிடம் கொடுத்தேன். ராத்தாவின் பக்கத்தில் ஒரே ஒரு பொத்தான். கட்டார் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான், தான் விடியுமுன் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய கையோடு அமத்தினாள்; அங்கே அப்போது சாமம். அங்கே அறையில் நான்கு பேர். ஒரு கிழமைக்குள் அவர்களில் அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் எனக்கே கோல் எடுத்து, ஒங்கட குடும்பப் பிரச்சினையில எங்கட நித்திரையும் போகுது நானா என்று முறையிட்டார். அந்த விளக்கைக் கழற்றி வைக்க மச்சானை அவர்கள் நெருக்கியிருக்கிறார்கள். அவர் சம்மதிக்கவில்லையாம். "அது எங்கட வீட்டு லைட்" என்றாராம்.

அதைக் கேட்டு ராத்தாவிடம் சொன்னேன். அவள் போனை எடுத்துக்கொண்டு கிணத்தடிப் பக்கம் போய்விட்டாள். அன்றைக்கு வெகுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பின்னேரம் எனக்கு உத்தரவு வந்தது: வாசல் விளக்கு மட்டும் மச்சானுக்கு, மற்ற மூன்று ரிலேயையும் கழற்று. கட்டில் விளக்கு ராத்தாவுக்கு, ஆனால் அங்கே சுபஹாகும்போது மட்டும்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. இங்கே நன்றாக விடிந்து பேக்கரிப் பாண்காரர் வருகிற நேரத்தில் ராத்தா தேத்தண்ணீரோடு இருந்து பொத்தானை அமத்துவாள். கொஞ்ச நேரத்தில் இரவெல்லாம் எரிந்த அவளுடைய வாசல் விளக்கு 'டக்' என்று அணையும். மச்சான் எழும்பிவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போவாள்.

போன மாதம் கடல் காற்றில், சின்னக் கணினியிலிருந்து ரிலேக்குப் போகிற மெல்லிய கம்பிகள் துருப்பிடித்து வாசல் விளக்கு அணையவில்லை. ராத்தா பதறி எனக்கு முன்னால் வந்து நின்றாள். நான் சட்டையும் போடாமல் ஓடிப்போய்த் துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது மச்சான் கோல் எடுத்தார். எத்தனை தரம் அமத்தியும் வேலை செய்யவில்லை, நான் எழும்பிட்டேன் என்று அவளிடம் சொல்லு என்றார். நீங்களே சொல்லுங்கள், பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று போனை நீட்டினேன். ராத்தா வாங்கிக் காதில் வைத்து, "முதல்ல போய் முகத்தக் கழுவுங்க," என்றாள்.