"வந்திட்டார்" என்று சொல்ல இனி ஞானம் அண்ணை இல்லை

ஞானம் அண்ணை போய்விட்டார்.

காலையில் எங்கள் மின்சார சபை டிப்போ வட்ஸ்அப் குறூப்பில் பார்த்தேன். யாரோ பிழையாக எதையோ ஃபோவர்ட் பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்து அவருடைய நம்பருக்கே கோல் எடுத்தேன். மகள்தான் எடுத்தாள்.

"ஓம் அன்ரி... விடியப்புறம் நெஞ்சு நோகுது எண்டவர்..."

"வாறம் பிள்ளை" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தித்துறைப் பக்கம் கறண்ட் போனால் போஸ்டில் ஏறித் திருத்துகிற லைன்மன் அவர். நான் அதே டிப்போவில் ஃபோன் எடுத்து கொம்ப்ளைன் எழுதுகிறவள். பதினொரு வருசம் அவர் வெளியே, நான் உள்ளே. ஊர் முழுக்க ஏசுவது எனக்கு, தேத்தண்ணி கிடைப்பது அவருக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள். லைன் திருத்தப் போனவர் ஃபோனில் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"வந்திட்டார்."

நான் பதறிப்போய், இஞ்சினியர் வந்துவிட்டார் என்று முழு ஒஃபிசுக்கும் சத்தம் போட்டேன். சாப்பாட்டுப் பார்சல்கள் மேசைக்குக் கீழே போயின. ஸ்ரோர்ஸில் இருந்தவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். கால் மணித்தியாலம் எல்லோரும் ஃபைலும் கையுமாக நின்றோம்... ஒருவரும் வரவில்லை.

அவர் சொன்னது கறண்டை! நாங்கள் எல்லோரும் கறண்ட் "வந்திட்டுது" என்போம். அண்ணைக்கு மட்டும் அது "வந்திட்டார்".

"கறண்டுக்கு என்ன அண்ணை மரியாதை?"

"கறண்டுக்கில்லை தங்கச்சி. லைட் பத்தேக்கை சனத்தின்ரை முகத்தைப் பாத்திருக்கிறீரோ? நான் போஸ்டிலை இருந்து பாக்கிறனான். ஆண்டவர் வீட்டுக்கு வந்தமாதிரித்தான் இருக்கும்."

அன்றிலிருந்து அவர் "வந்திட்டார்" என்றால் நான் "ஆர், இஞ்சினியரோ?" என்பேன். அவர் சிரிப்பார். பதினொரு வருசமும் இதே பகிடிதான். எங்கள் இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

அண்ணை வேதக்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் நிற்பார். நான் சைவம்... அதுவும் சாமியோடு அடிக்கடி கோபித்துக்கொள்கிற சைவம். நாள் முழுக்கக் கறண்ட் வெட்டின அந்தக் காலத்தில், ஃபோனில் ஏச்சு வாங்கிக் களைத்துப்போய் ஒருநாள் அவர் மேல் பாய்ந்தேன்.

"அப்ப கறண்ட் போகேக்கை உங்கடை ஆண்டவர் எங்கை போறவர்?"

தலையைச் சொறிந்தார். "ஒரு இடமும் போறேல்லை. நான் மேலை ஏறினால் கீழை ஏணியை ஆர் பிடிக்கிறது?"

"உங்கடை ஹெல்ப்பர்தான் பிடிக்கிறவர்" என்றேன்.

"ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். வாதாடவும் வரமாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிறகு அந்தப் புயல் நாள்...

அப்பாவுக்கு நுரையீரலில் வருத்தம். வல்வெட்டித்துறை வீட்டில் ஒக்சிசன் மெசின் கறண்டில்தான் ஓடும். கறண்ட் நின்றால் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது, மூன்று மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். காலை பத்து மணிக்கு எங்கள் றோட்டு லைன் அறுந்தது. எங்கும் வெள்ளம், அம்புலன்ஸ் வர வழியில்லை. நான் டிப்போவில் இருந்து மற்றவர்களின் கொம்ப்ளைன்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் றோட்டை எழுதவில்லை. லிஸ்ட்டில் முன்னுக்கு எழுத வெட்கம். கடைசியில் எழுதப் பயம்.

அண்ணை ஆஸ்பத்திரி லைனை முடித்துவிட்டு அடுத்த இடம் கேட்டு கோல் எடுத்தார். லிஸ்ட்டை வாசித்தேன். என் குரலில் என்ன கேட்டதோ தெரியாது.

"தங்கச்சி, உம்மடை றோட்டிலை கறண்ட் இருக்கோ?"

கேட்காததுபோல் லிஸ்ட்டில் அடுத்த றோட்டை வாசித்தேன். அவர் வைத்துவிட்டார்.

பன்னிரண்டரை ஆனது. அம்மாவுக்கு ஐந்து தரம் கோல் எடுத்தேன், எடுக்கவில்லை. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு சாமியின் பெயரும் வாயில் வரவில்லை.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னுக்கு ஃபோன் அடித்தது.

"வந்திட்டார்."

ஆர் என்று நான் கேட்கவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன்.

அடுத்த நாள் வந்து, "நேற்று நீர் ஆர் எண்டு கேக்கேல்லை" என்று குறைப்பட்டார் மனுசன். நான் வேறொன்று கேட்டேன். ஹெல்ப்பர் டிப்போ வான் வண்டியோடு வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பட்டு நின்றது எனக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப ஏணியை ஆர் பிடிச்சது அண்ணை?"

"உம்மடை அம்மா."

அதுதான் அம்மா ஃபோன் எடுக்காதது. எழுபது வயது மனுசி... முழங்கால் தண்ணீரில், அந்த மழையில், இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அன்று நான் வாதாடவில்லை.

இன்று காலை அப்பாவிடம் விசயத்தைச் சொன்னேன். ஒக்சிசன் மெசினைக் கையால் காட்டினார்.

"ரெண்டு நிமிசம் இதை நிப்பாட்டு பிள்ளை. அந்தத் தம்பிக்கு ஒரு மரியாதை."

"விசர்க்கதை கதையாதேங்கோ அப்பா" என்று ஏசிவிட்டேன். ஏசும்போதே அழுகை வந்துவிட்டது. அண்ணை புயலுக்குள் ஏறிப் போட்டுவிட்டுப் போனதை நான் நிப்பாட்டுவதா? அது ஓடட்டும்.

அம்மா அதற்குள் வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிவிட்டார். செத்தவீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்கவேண்டுமாம். நாங்கள் இப்போது வெளிக்கிடுகிறோம்.

போயிட்டு வாங்கோ அண்ணை...

இந்நேரம் அங்கே ஆண்டவர் வீட்டு வாசலில் நின்ற யாரோ உங்களைக் கண்டு, உள்ளே திரும்பிச் சொல்லியிருப்பார்கள்.

"வந்திட்டார்."

ஆர் என்று கேட்கத்தான் நான் அங்கே இல்லை.