ட்வீட்டர் செத்துப்போச்சு!

போன வாரம் என் வீட்டுக்காரர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். துணைக்கு நான்.

ஓமந்தூரிலிருந்து திண்டிவனத்துக்கு டவுன் பஸ். பெட்டிக்கு ஜன்னலோர சீட். எனக்குக் கம்பி!

மகள் வாங்கித் தந்த பெட்டி. பஜனைப் பாட்டு போட்டால் மிருதங்கம் கேட்கிறதாம், ஜால்ரா கேட்கவில்லையாம். இவருக்கு அதுதான் ஆத்திரம்.

ரிப்பேர் கடை பாய் பெட்டியின் முன்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே மூன்று வட்டம். அடியில் வடைச்சட்டி அகலத்துக்கு வூஃபர் — தவில், மிருதங்கம் மாதிரி தடித்த சத்தமெல்லாம் அதன் பொறுப்பு. நடுவில் மிட்ரேஞ்ச் — மனுஷர் குரல். உச்சியில் எட்டணா அளவில் ட்வீட்டர் — ஜால்ரா, சலங்கை, குருவி. பெரியது உறுமும், நடு பேசும், சின்னது சிணுங்கும்... எந்த வீட்டில்தான் இல்லை?

பாய் மற்ற இரண்டின் ஒயரையும் பிடுங்கிவிட்டு ட்வீட்டரை மட்டும் பாடவிட்டார். சிக்... சிக்... சிக்... ஜால்ரா என் காதைக் குடைந்தது.

“கேக்குதா ஐயா?”

“எங்க கேக்குது? ட்வீட்டரு செத்துப்போச்சு. வேற மாத்திக் குடு பாய்.”

“உசுரோட கத்திக்கினு இருக்குது, செத்துப்போச்சுன்றீங்களே!”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பழுது பெட்டியில் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது — அவரைத் தவிர. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“இந்தா, நீ சொல்லு. உனக்குக் கேக்குதா?”

எழுத்தில்தான் நான் வாயாடி. நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்கிறது என்றால் மனுஷன் கடை நடுவில் தலைகுனிய வேண்டும். அப்புறம் வீட்டில் காது டாக்டர் என்ற பேச்சையே எடுக்க முடியாது. என்ன செய்வேன்?

“எனக்கும் கேக்கலீங்க” என்றேன்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். குறும்புக்காரர்.

“அப்டின்னா அம்மாவுக்குக் காதுல கோளாறு. ஜல்தி டாக்டர்கிட்ட காட்டுங்க ஐயா, உட்டா பேஜாரு. துணைக்குப் போறப்ப நீங்களும் ஒருவாட்டி காட்டிக்குங்க.”

அவ்வளவுதான், சண்டை மறந்துவிட்டது. “காது போறதுகூடத் தெரியாம இருந்துக்கினு இருக்கிற பாரு!” தனக்கென்றால் ஒரு மாத்திரை விழுங்காதவர், மறுநாளே என்னை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் இந்த முறை ஜன்னலோரம் எனக்கு.

இரண்டு பேருக்கும் ஹெட்போன் மாட்டி டெஸ்ட் எடுத்தார்கள். எனக்கு எல்லாமே நன்றாகக் கேட்டது. அவருக்கு வூஃபர் சரி, மிட்ரேஞ்ச் சரி... ட்வீட்டர் அவுட்!

“கீச்சுச் சத்தம் மட்டும் இல்லம்மா, பேச்சுலயும் சில எழுத்து தெளிவா விழாது. ஒண்ணு சொன்னா ஒண்ணு கேக்கும்” என்றார் டாக்டரம்மா.

அடக் கடவுளே! “தட்டு எடுங்க” என்றால் “பட்டு எதுக்குடி இப்ப?” என்று எரிந்து விழுவாரே... கஞ்சத்தனம் என்றல்லவா நினைத்தேன்!

“உனக்குக் காது நல்லாத்தான் இருக்குதாமே. அப்ப கடையில ஏன் கேக்கல?” என்றார் வெளியே வந்ததும். எனக்குக் கோளாறு இல்லை என்பதில் அவ்வளவு சந்தோஷம் முகத்தில். தன் காதுக்கு மெஷின் எழுதிக் கொடுத்ததைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ் ஏறியதும் என் சின்னக் குரலில் சொன்னேன். “எனக்கு நல்லாவே கேட்டுச்சுங்க. உங்களுக்காகத்தான் பொய் சொன்னேன்.”

“ஆமாமா” என்று சிரித்தபடி தலையாட்டினார். ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

மெஷின் அடுத்த வாரம் வருகிறது. அதற்குள் சொல்லித் தீர்க்க வேண்டியது எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.