இருபதுக்கு நான்கு

மகளின் லேப்டாப்பிலிருந்து விசில் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கிளம்பின. மேனேஜராக இருந்து கால்பந்து டீமை நடத்தும் கேம். அதே இரைச்சலை ரெட்டிபாளையம் வீட்டில், பக்கத்து சிமெண்ட் ஆலையின் தூசி படிந்த கம்ப்யூட்டரில் கேட்டு வளர்ந்தவள் நான்.

அண்ணன் தன்னையும் சேர்த்து எங்கள் ஊர் டீமையே அந்த கேமுக்குள் ஏற்றியிருந்தான். கிரவுண்டில் பார்த்ததை வைத்து ஒவ்வொருவனுக்கும் இருபதுக்கு மார்க் போடுவான். "குமாரு மழைன்னா வழுக்கி விழுந்துடுவான், அஞ்சு போதும்." அவன் கணிப்பு தப்பாது. தன்னுடைய ஓடும் தெம்புக்கு மட்டும் நான்கு போட்டான். பாதி ஆட்டத்தில் தன்னையே வெளியே எடுத்தும்விடுவான்.

"ஏண்ணே, ஒனக்கு மட்டும் இவ்ளோ கம்மி?"

"எனக்குத் தெரியும் பாப்பா."

தன்னடக்கமாம்! வீடே சிரித்தது. அடுத்த கோடையில் கிரவுண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"அம்மா, மாமாவையும் டீம்ல சேத்துட்டேன்" என்றாள் மகள், போட்டோவில் மட்டுமே அவனைப் பார்த்தவள். "ஓடுற தெம்புக்கு எவ்ளோ போடட்டும்?"

"இருபது போடு" என்றேன். "கடைசி வரைக்கும் வெளிய எடுக்காத."