ஒரு காபி, இரண்டு டம்ளர்

இன்று காலை ரயிலைவிட்டு இறங்கியதும் நம் ஒக்கலிபுரத்து ஹோட்டலில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் "ஒன் பை டூ காபி" என்றுவிட்டேன்.

சர்வர் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றி வைத்தார். காலியாக இருந்த எதிர் நாற்காலியைப் பார்த்து, "இன்னொப்பரு எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டார். இன்னொருத்தர் எங்கே என்றுதான்.

"எலியா? அது பம்பாய்ல மாட்டிக்கிச்சுண்ணா."

அவருக்குத் தமிழும் தெரியும்; சிரித்துவிட்டார். "யாருப்பா அந்த எலி?"

"எங்கண்ணன்."

நாங்கள் இருவரும் ஒரு மாதம் ஊர் சுற்றினோம். சோலாப்பூர் சத்திரத்தில் மூட்டைப்பூச்சிகளுக்கு விருந்து வைத்தோம். பம்பாயில் முதன்முதலாகக் கடலைப் பார்த்துக் கத்தினோம்.

திரும்பும் ரயில் நகர்ந்தபோது அண்ணன் மட்டும் குதித்து இறங்கிக்கொண்டான். "மில்லுல வேலை கெடைச்சிருக்குடா. நான் வரல. அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன். இரண்டாவது ஆறிப்போயிருந்தது.

அம்மா இந்நேரம் இரண்டு பேருக்கும் சேர்த்து வெந்நீர் போட்டிருப்பாள். நான் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. நம் படிப்பகத்தில் உட்கார்ந்து இதை எழுதிப் பலகையில் ஒட்டுகிறேன்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சிலேடை மட்டும் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.