இங்கிலீஷ் தெரிந்த நாய்க்குட்டி

என் வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையிலிருந்து திரும்பி வந்தபோது நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். துண்டுக்குள் எதையோ சுருட்டி மார்போடு அணைத்தபடி வந்தார். ஸ்டேஷனில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். துண்டை அவிழ்த்ததும் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி இறங்கியது. நடு வீட்டில் நின்று நிதானமாக மூத்திரம் பெய்தது. பிறகு மடித்து வைத்திருந்த புடவைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

"ரயில்வே கார்டு வீட்டுக் குட்டி," என்றார். "அவரு சட்டைக்காரர், வீட்டுலயே இங்கிலீஷ்தான் பேசுவாங்க. மாத்தலாகிப் போறாரு, எங்கிட்ட குடுத்துட்டாரு. இது மத்த நாய் மாதிரி இல்ல. இங்கிலீஷ்ல சொன்னா கேக்கும்."

"தமிழ்ல சொன்னா?"

"அதெல்லாம் சொல்லி அதக் கொழப்பாத."

புடவையை அதன் அடியிலிருந்து உருவினேன். அது அந்தப் பக்கம் பல்லால் பிடித்துக்கொண்டு இழுத்தது. எங்கள் பழக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது.

நாய் எனக்குப் புதிதல்ல. ஆலங்காயத்தில் அப்பாவின் வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்காமல் பார்த்துக்கொள்ள எப்போதும் நாய்கள் இருந்தன. கூழ் ஊற்றினால் குடிக்கும், பன்றி வந்தால் குரைக்கும், நிலைப்படி தாண்டாது. யாரும் அவற்றுக்கு உட்கார் என்றோ எழுந்திரு என்றோ சொல்லிக்கொடுத்ததில்லை. நாயைப் பழக்குவது என்று ஒரு காரியம் இருப்பதே எனக்குக் கல்யாணமாகி ஆம்பூர் வந்த பிறகுதான் தெரியும்.

என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் கணக்குப்பிள்ளை. மதராஸிலிருந்து தோல் பார்க்க வரும் ஒரு துரை கூடவே ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வருவாராம். துரை ஒரு வார்த்தை சொன்னால் அது உட்காருமாம், இன்னொரு வார்த்தை சொன்னால் எழுமாம். அவ்வளவு தோலும் சவ்வும் குவிந்து கிடக்கிற இடத்தில் மூக்கைக்கூட நீட்டாமல் துரையின் காலடியில் உட்கார்ந்திருக்குமாம். அதைப் பார்த்த நாளிலிருந்து இவருக்கு அதே நினைப்பு. நம் வீட்டிலும் அப்படி ஒன்று உட்கார வேண்டும்.

சாயங்காலம் தோல் பதம் போடும் ஆவாரம்பட்டை வாசனையோடு வந்து, கைகால் கழுவி, முக்காலியைப் போட்டுக் குட்டிக்கு எதிரே உட்காருவார். "சிட்" என்பார். குட்டி அவர் கால் கட்டைவிரலை நக்கும். பின்பக்கத்தைப் பிடித்து அழுத்தி மறுபடி "சிட்" என்பார். அவர் விளையாடக் கூப்பிடுவதாக நினைத்து அது மல்லாந்து படுத்து நாலு காலையும் ஆட்டும். அதற்குக் காது கேட்கவில்லையோ என்பது போல அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். அடுப்படியில் நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"சட்டைக்காரர் சொன்னா ஒக்காந்துது," என்பார் கடைசியில். "நீ பகல்ல தமிழ்ல பேசிக் கெடுக்கற."

பகலெல்லாம் அது என்னோடுதான் இருந்தது. அதனால் எனக்கும் பாடம் நடந்தது. சிட், கம், நோ. முதல் இரண்டும் எனக்கு வாயில் வரவில்லை. "நோ" மட்டும் வந்தது. அதைத்தான் விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். முறத்தைக் கடித்தால் நோ, தண்ணீர்க் குடத்தில் வாய் வைத்தால் நோ, துடைப்பத்தை இழுத்துக்கொண்டு ஓடினால் நோ. நாள் முழுக்க அது காதில் விழுந்த ஒரே சொல் அதுதான் என்பதால், அதுவே தன் பெயர் என்று முடிவு செய்துவிட்டது. "நோ" என்றால் எங்கிருந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து என் காலைச் சுற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு நான் எப்படி அதை அதட்டுவது?

வெளியே போகப் பழக்குவது இன்னும் மோசம். சோறு தின்றதும் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டு முற்றத்தில் விட வேண்டும், காரியம் முடிந்ததும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று கார்டு சொல்லியனுப்பியிருந்தார். விட்டேன். அது உட்கார்ந்து காக்கையைப் பார்த்தது, எறும்பை மோந்தது, வெயில் ஏறியதும் கொட்டாவி விட்டது. நானும் நின்றேன். உலையில் அரிசி குழையும் வரை நின்றேன். இனி இல்லை என்று உள்ளே தூக்கிவந்து இறக்கினால், இறக்கிய இடத்திலேயே போகும். அதற்கு வெளியே வெட்கம், உள்ளே நிம்மதி. சாம்பல் கொட்டி வாரி வாரி என் அடுப்பில் சாம்பல் மிஞ்சவில்லை.

இதோடு ஊர் வேறு எனக்குப் பகை. வெளியூர்க்காரர்கள் ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் தோல் நாற்றத்துக்கு மூக்கைப் பிடிப்பார்கள். குட்டிக்கு அது பிரியாணி வாசனை மாதிரி. கதவு இடுக்குக் கிடைத்தால் மண்டிக்குப் பின்னால் தோலைச் சுரண்டிக் கொட்டும் மேட்டுக்குப் போய்விடும். புரண்டு எழுந்து, முதுகெல்லாம் சவ்வு ஒட்டிக்கொண்டு, பெரிய வேலை பார்த்த களைப்போடு வந்து நிற்கும். சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினால், நான் மெழுகி முடித்த தரையின் நடுவில் போய் நின்று உதறும். தோலென்று ஆகிவிட்டால் அதற்குப் பச்சைத் தோல், பதம் போட்ட தோல் என்ற பேதமும் கிடையாது. வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் விட்ட செருப்பு, அவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வாரில்லாமல் கிடக்கும். வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வந்தவர்களும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்கள்.

பக்கத்து வீட்டில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அக்கா என்னைவிட மூத்தவர், தாராளமான மனசு. எனக்கு ஆம்பூர் பழகியதே அவரால்தான். எங்கள் முற்றத்துக்கும் அவர் முற்றத்துக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். அவர் நமாஸ் துணியைத் துவைத்து அந்தச் சுவரோரம் கொடியில் உலர்த்துவார். ஒரு நாள் குட்டி அரிசி மூட்டைமேல் ஏறிச் சுவர் தாண்டி, வெள்ளை வெளேரென்று தொங்கிய அந்தத் துணியை இழுத்துக்கொண்டு திரும்பியது. நான் பார்த்தபோது அது துணியின்மேல் படுத்து ஓரத்தை மென்றுகொண்டிருந்தது.

அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"இன்னாம்மா இது," என்றார். "மறுபடி முழுசா அலசணும். நாய் வாய் பட்ட துணிய போட்டுக்கினு நான் எப்டி தொழுவறது?"

"நானே அலசித் தர்றேன் அக்கா."

"ஒனக்குத் தெரியாது, நானே பாத்துக்கறேன். மொதல்ல இதக் கட்டிப் போடு. ஜாஸ்தி பேஜார் பண்ணுது."

எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால், குட்டி சின்னது, வளர்ந்தால் சரியாகும் என்பார். வளர வளர அது எட்டும் உயரந்தான் கூடிக்கொண்டிருந்தது. கட்டிப்போட்டேன். அது ஊரைக் கூட்டியது. அவிழ்த்துவிட்டேன்.

அக்கா வீட்டில் ஆடுகள் இருந்தன. காலையில் பட்டியைத் திறந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்து வழியாகப் பாலாற்றுப் பக்கம் ஓட்டி விடுவார். ஓட்டும்போது "சலோ, பாஹர் சலோ" என்று குரல் கொடுப்பார். வெளியே நடங்கள் என்று அர்த்தம். ஒரு நாள் நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது ஆடுகள் சந்திலிருந்து வெளியே வந்தன. அவற்றுக்கு நடுவில் எங்கள் குட்டி, தானும் ஒரு ஆடு என்ற நிச்சயத்தோடு வந்தது. என் கோலத்தை எல்லாமாகச் சேர்ந்து மிதித்துக்கொண்டு போயின. தெருக்கோடிப் புளியமரத்தடியில் ஆடுகள் நின்று புழுக்கை போட்டன. குட்டியும் நின்றது, சுற்றிப் பார்த்தது, தானும் போனது.

கோல மாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை நாள் நான் காத்துக் கிடந்தது இதற்குத்தான்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அன்று மத்தியானம் அது சோறு தின்றதும் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் "பாஹர் சலோ" என்றேன். நிமிர்ந்து பார்த்தது, கதவைத் தாண்டி ஓடியது. இவரிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமல், "அது ஆட்டைப் பாத்துப் போயிருக்கும்," என்றார். எனக்கு எந்த பாஷையாயிருந்தாலும் சரி, என் தரை காய்ந்திருந்தது.

செருப்பு விஷயம் மட்டும் தீரவில்லை. அதன் உச்சம் இவருக்குக் காய்ச்சல் வந்தபோது நடந்தது. மண்டி முதலாளி உடம்பு விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். மனிதர் வாசலில் பம்ப் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். தம் மண்டித் தோலிலேயே சொல்லித் தைத்துக்கொண்ட ஷூ, கண்ணாடி மாதிரி பளபளத்தது. எனக்குக் காப்பி போடும் அவசரத்தில் அதை எடுத்து மேலே வைக்கத் தோன்றவில்லை.

அவர் கிளம்பி வாசலுக்குப் போனபோது அங்கே ஒற்றை ஷூதான் இருந்தது.

காய்ச்சல்காரர் போர்வையோடு எழுந்து வந்தார். குட்டி முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. வாயில் ஷூ.

"நோ" என்றார் இவர். தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்ற சந்தோஷத்தில் அது வாலை ஆட்டியது. ஷூவை மட்டும் விடவில்லை. "சிட்" என்றார். "கம்" என்றார். கையை நீட்டிப் பிடித்தார். அது பிடிவாதமாகப் பின்னால் இழுத்தது. நான் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், குனிந்தபடி தொட்டியைச் சுற்றினோம். முதலாளி பின்கட்டுக் கதவருகே ஒரு காலில் ஷூவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு முகம் காய்ச்சலில் சிவந்ததா வெட்கத்தில் சிவந்ததா தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கூச்சல் கேட்டு எட்டிப் பார்த்தவர், வேற்று ஆள் நிற்பதைக் கண்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கொடியில் துணியை இழுக்க வரும் ஆட்டைத் தினமும் அதட்டுவது போலவே, குரலை உயர்த்தாமல், "சோட்" என்றார்.

குட்டி வாயைத் திறந்தது. ஷூ கீழே விழுந்தது.

நான் எடுத்துக் கொடுத்த ஷூவை முதலாளி வாங்கிப் பார்த்தார். குதிகால் பக்கம் பல் பதிந்திருந்தது.

"இன்னா கணக்குப்பிள்ள," என்றார், "ஒம்ம நாய்க்கு உருது தெரியுமா?"

"இங்கிலீஷும் தெரியுங்க முதலாளி," என்றார் இவர். காய்ச்சலில் கூட விட்டுக்கொடுக்கவில்லை.

முதலாளி சிரித்தார். தோல் கெட்டியான தோல், பல் ஆழமாக இறங்கவில்லை என்று சொல்லிவிட்டு அதையே போட்டுக்கொண்டு போனார். அவர் தெருத் திரும்பும் வரை நான் குட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று ராத்திரி கஞ்சி குடிக்கும்போது இவர், "அந்தம்மா சொன்னாங்களே, அதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டார்.

"விடுன்னு அர்த்தமாம்."

காய்ச்சல் தெளிந்ததும் வாசல் சுவரில், ஆள் கை எட்டும் உயரத்தில், ஒரு பலகையை அடித்தார். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. காலில் போடுவதைத் தலை உயரத்தில் வைக்கச் சொல்கிறார்களே என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் வைத்தார்கள். முக்காலிப் பாடத்தை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நான் அடுப்படியில் இருக்கும்போது சில நாள் "சிட்" என்ற சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அதன் பிறகு, எனக்குக் கேட்கக் கூடாது என்ற நினைப்பில், தாழ்ந்த குரலில் அக்கா வீட்டுச் சொல் ஒன்று வரும். அவர் உச்சரிப்பு அவ்வளவு மோசம், சரியாகச் சொல்ல அக்கா இருக்கிறாரா என்று குட்டி எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.