சத்தத்துக்கு நான் போட்ட சைபர்

மலேசியாவின் கூலிமில் எங்கள் ஆலைக்குள் நுழைகிறவன் முதலில் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். வாசலில் ஒரு பெட்டி நிறைய மஞ்சள் நிற அடைப்பான்கள். ஆளுக்கு இரண்டு எடுத்து, திருகி, காதில் செருகிக்கொண்டுதான் உள்ளே போகிறோம். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். குமாரபாளையத்தில் பன்னிரண்டு வருஷம் விசைத்தறி ஓட்டியவன் நான். அங்கே காதை அடைத்தால் பிழைப்பு நடக்காது. எந்தத் தறியில் இழை அறுந்தது என்று காதுதான் சொல்லும். பேச்செல்லாம் உதட்டசைவிலும் கைச்சாடையிலும் நடக்கும்; சண்டைகூட அப்படித்தான் போடுவோம். அதனால் இந்த ஊர்ச் சத்தத்தை நான் சத்தமாகவே மதிக்கவில்லை.

என் வேலை பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்பலகையை வைத்து, அதன் ஈயப் பற்றுகளை, பழுது உண்டா என்று, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது. எங்கள் வரிசையில் ஆறு பேர். என்னையும் சேர்த்து நான்கு பேர் கடல் தாண்டி வந்தவர்கள். உள்ளூர்க்காரர் இருவரில் லெட்சுமியக்கா ஒருவர். பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்துக் குடும்பம். எனக்கு வேலை பழக்கியது அவர்தான். அவர் கண்ணுக்குத் தப்பிய பழுது எதையும் நான் பார்த்ததில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் புதுக் கம்ப்ரசர் வரும் வரைக்கும்.

அந்தச் சனியன் தறியைப் போல ஒரே சீராக ஓடாது. சீறும், நிற்கும். அப்பாடா என்று குனிந்தால் மறுபடி சீறும். காது அடைப்பானையும் மீறி முதுகில் அதிரும். சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா பழுதுகளைத் தவறவிடத் தொடங்கினார். கண் மங்கிவிட்டது, பேக்கிங் பிரிவுக்கு மாற்றலாம் என்று மேற்பார்வையாளர் சொல்ல, கண்ணில் கோளாறு இல்லை, எண்ணிக்கொண்டிருந்த இடம் சத்தத்தில் மறந்துபோகிறது என்று அக்கா வாதாடினார். பதினெட்டு வருஷ நாற்காலி அது. கடைசியில் பாதுகாப்பு அதிகாரி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். சத்தம் எவ்வளவு தொந்தரவு செய்கிறது? சைபர் முதல் பத்துக்குள் ஓர் எண்.

எனக்கும் இடம் மறந்துகொண்டுதான் இருந்தது. ஒரே பலகையை இரண்டு முறை எண்ணினேன். ஆனாலும் சைபர் போட்டேன். வேலை பெர்மிட் புதுப்பிக்கும் மாதம். குறை சொல்கிறவன் என்று பெயர் வாங்க எவனுக்கு மனசு வரும்? மற்ற மூவரும் அதே கணக்கில் சைபர். "தக் அட மசாலா", பிரச்சினை இல்லை என்று அதிகாரியிடம் மலாயில் வேறு சொன்னேன். ஏஜெண்ட் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்த வாக்கியம் அது. அவர் மகிழ்ந்து தோளில் தட்டினார்.

ஆறு தாளையும் கூட்டிப் பார்த்தார்கள். சத்தம் ஒரு பொருட்டில்லை என்று முடிவானது. அக்கா பேக்கிங்குக்குப் போனார். மறுநாள் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீ என்னா போட்ட, தம்பி?"

"சைபர்க்கா."

"ஒனக்கு நெசமாவே தொந்தரவு இல்லியா?"

இருந்தது என்றேன். பெர்மிட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்க தோட்டத்துலயும் தொரை வந்து கேட்டா எல்லாம் நல்லா இருக்குன்னுதான்லா சொல்லுவாங்க. அப்படிச் சொல்லித்தான் மூணு தலைமொறை லயத்து வீட்டுலயே கெடந்தோம்."

தேநீரை முடிக்காமலே எழுந்து போனார்.

அன்று மாலையே அவர் நாற்காலி எனக்கு வந்தது. சத்தம் உறைக்காத ஆள் என்று என்னைத்தான் பொறுக்கியிருந்தார்கள். நான்கு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் அதிகாரியிடம் போய், என் எண் எட்டு, அக்கா சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். போன வாரம் சைபர், இந்த வாரம் எட்டா என்று அவர் பதறினார். என் காதுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, பாவம், நல்ல மனுஷன், செவிப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து அப்படியொரு அமைதியில் நான் இருந்ததில்லை. அதற்குள்ளும் ஒரு தறி ஓடியது. எனக்கு மட்டும், மெல்லிசாக. அதைக் கேட்டு நான் பொத்தானை அழுத்த, வெளியே இருந்த பெண் இன்னும் ஒலியே கொடுக்கவில்லை என்று சைகை காட்டினாள். பழைய வேலையில் செவி கெட்டிருக்கிறது என்று அறிக்கை வந்தது. என் எட்டையும் அந்தக் கெட்டுப்போன காதின் கணக்கில் எழுதி, கோப்பை மூடிவிட்டார்கள்.

இப்போதும் அக்காவின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் அட்டைப்பெட்டிகளுக்கு நாடா ஒட்டுவது தெரிகிறது. இந்தப் பக்கம் திரும்புவதில்லை. கம்ப்ரசர் நிற்கும்போது காதுக்குள் குமாரபாளையம் ஓடுகிறது. கம்ப்ரசர் சீறும்போது கூலிம். இரண்டுக்கும் நடுவே எத்தனையாவது பற்றில் இருந்தேன் என்பது மறந்துபோக, பலகையை முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன்.