வலிக்குதா என்று கேட்டார்கள்

நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பலகை ஒரு மண்டையோட்டுப் பலகை. சுரங்கத்துக்குப் போகும் வழியில் மின்சாரக் கம்பம் ஒன்றில் கட்டியிருந்தார்கள். மண்டையோடு, குறுக்காக இரண்டு எலும்பு, அதற்குக் கீழே ‘அபாயம்’. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். படித்துக் காட்டினேன். அப்படியென்றால் என்ன என்றாள். தொட்டால் செத்துப்போவோம் என்று அர்த்தம் என்றேன். அவ்வளவுதானா என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, மேஸ்திரி வருவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று நடையை எட்டிப் போட்டாள்.

அம்மாவுக்கு எது அபாயம் என்று எனக்குப் புரிய இன்னும் சில வருஷம் ஆயிற்று. சுரங்கத்தில் இறங்குகிறவர்களைக் கேட்டால் அடியிலிருந்து பீறிடும் தண்ணீர் என்பார்கள். பம்பு நின்றால் தொலைந்தோம் என்பார்கள். காடாம்புலியூர்ப் பக்கத்துத் தோப்புக்காரர்களைக் கேட்டால், முந்திரி பூ வைக்கிற நேரத்தில் பெய்கிற மழை. குவார்ட்டர்ஸ் வீட்டு அம்மாக்களுக்குத் திருட்டும், வேலைக்காரி மூலமாக வீட்டுக்குள் வந்துவிடுகிற நோயும். எங்கள் வாத்தியாருக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள். ஆளுக்கொரு அபாயம் வைத்திருந்தார்கள். எங்களுடையதற்கு மட்டும் பலகை கிடையாது. அது மேஸ்திரியின் வாயில் இருந்தது. “நாளையிலேருந்து வராத” என்பான், முடிந்தது.

எங்களுடையது பரம்பரையாக அடுத்தவர் நிலத்தில் கூலி செய்த குடும்பம். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். நெய்வேலியில் வேலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மா என்னையும் ஒரு மூட்டையையும் தூக்கிக்கொண்டு வந்து, டவுன்ஷிப்பின் ஓரத்தில் குடிசை போட்ட கும்பலோடு சேர்ந்துகொண்டாள். அப்போது பிளாக் பிளாக்காக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சாலையின் இரு பக்கமும் மரக்கன்று நட்டார்கள். அந்தக் கன்றுகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் அம்மாவின் கான்ட்ராக்ட் வேலை. இன்றைக்கு அந்த நிழலில் நடந்துபோகிறவர்கள் என்ன குளுமை என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மேஸ்திரியிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் பெண்ணாவது வலிக்கிறது என்று சொன்னால், மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. காலில் முள் ஏறி நொண்டிய ஒருத்தி அரைநாள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாள் அவள் குடத்தை வேறொருத்தி தூக்கினாள். அம்மாவின் கால் கட்டைவிரலில் குடம் விழுந்து நகம் பெயர்ந்தபோது, துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் ஊற்றினாள். வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்தபோது நான் அழுதேன். அவள், மேஸ்திரி பார்க்கவில்லை என்று சந்தோஷப்பட்டாள். அவளைக் கேட்டால் உலகத்திலேயே ஆபத்தான சொல் ‘வலிக்குது’ என்பதுதான்.

கோடைக் காலத்தில் இன்னொரு வேலையும் உண்டு. காடாம்புலியூர்ப் பக்கமிருந்து வறுத்த முந்திரிக்கொட்டையை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். சாயங்காலத்தில் அம்மா உட்கார்ந்து உடைப்பாள். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெயை நாங்கள் பால் என்போம். பெயர்தான் பால், பட்ட இடம் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைக்க வேண்டும், அப்படியும் தப்பாது. முதலில் விரலெல்லாம் கறுக்கும். பிறகு தோல் உரியும். உரிந்த இடம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். விரல் நுனி காய்ப்பேறிக் கட்டையாகிவிடும். இதை யாரும் அபாயம் என்று சொல்லிக் கேட்டதில்லை. சீசன் என்பார்கள்.

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் ஊற்றும் பெண்களில் சிலரைத் தோட்ட வேலைக்குப் பர்மனென்ட்டாக எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. அந்தச் சொல்லை எங்கள் குடிசைகளில் சாமி பேர்போலச் சொல்வார்கள். பர்மனென்ட் ஆகிவிட்டால் மேஸ்திரி கிடையாது. லீவு உண்டு. ஒரு நாள் குவார்ட்டர்ஸும் கிடைக்கும், கூரை ஒழுகாது. பட்டியலில் அம்மாவின் பெயரும் இருந்தது. இனி மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி.

அந்த மெடிக்கலைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணைப் பிதுக்கிப் பார்ப்பார்கள், மூச்சை இழுக்கச் சொல்வார்கள், ஏதாவது ஒரு கோளாறைக் கண்டுபிடித்து வெளியே தள்ளப் பார்ப்பார்கள். தலைவலி என்று சொன்னால்கூட முடிந்தது என்றாள் பக்கத்துக் குடிசைக்காரி. குடிசை வரிசையில் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் நானே அம்மாவைத் தயார் செய்வதென்று முடிவு செய்தேன். எட்டாவது படித்த கர்வம் கொஞ்சமா நஞ்சமா?

கொட்டாங்கச்சி ஒன்றைக் கயிற்றில் கட்டி, டாக்டர் குழாய் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அம்மாவை எதிரே நிற்க வைத்தேன். தலைவலி வருமா? இல்லீங்க. இருமல்? இல்லீங்க. மயக்கம், மூட்டு வலி? இல்லீங்க, இல்லீங்க. ஒரு தடவை சிரித்துக்கொண்டே, இடுப்பு மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்றாள். கொட்டாங்கச்சியால் அவள் தலையில் தட்டினேன். “எது கேட்டாலும் இல்லீங்கன்னு சொல்லு. வேற ஒரு வார்த்த பேசாத. முந்திரி ஒடைக்கிறதையும் சொல்லாத, ரெண்டு எடத்துல வேல செய்யிறன்னு பேர அடிச்சிடுவாங்க” என்றேன். அந்தச் சட்டத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே உண்டாக்கியது. அம்மா பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். மூன்று சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம்.

மெடிக்கலன்று நானும் கூடப் போனேன். தாளில் என்ன கேட்டிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றதும், கதவோரம் நிற்க நர்ஸ் விட்டாள். டாக்டர் அதட்டுகிற ஆள் இல்லை. வாங்கம்மா, உட்காருங்கம்மா என்று மரியாதையாகத்தான் பேசினார். இதை நான் அவருக்காகச் சொல்லவில்லை. கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கண் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், எல்லாம் சரியாகவே நடந்தது. கேட்டதற்கெல்லாம் அம்மா இல்லீங்க என்றாள். பிறகு கையை நீட்டச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் அதட்டினேன். கையை நீட்டினாள். அது சீசன் முடிகிற நேரம். தோலுரிந்து, மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைத் திட்டுகள்.

“இது எப்படிம்மா வந்தது?”

முந்திரி என்று சொல்லக் கூடாதே. தானாக வந்தது, ரொம்ப நாளாக அப்படித்தான் இருக்கிறது, ஒன்றும் செய்யாது என்றாள். அவள் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சால் திட்டின் மேல் தடவினார். தொடுவது தெரிகிறதா என்று கேட்டார். இல்லீங்க. வேறு இடத்தில் தடவினார். இல்லீங்க. மேசையிலிருந்து ஊசியை எடுத்தார்.

“வலிக்குதா?”

“இல்லீங்க.”

இன்னொரு விரல். கொஞ்சம் அழுத்திக் குத்தினார். பொட்டு ரத்தம் வந்தது. அம்மாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நகம் பெயர்ந்த காலோடு தண்ணீர் ஊற்றியவளுக்கு ஊசி ஒரு பெரிய விஷயமா? “நல்லாச் சொல்லுங்கம்மா, வலிக்கவே இல்லையா?” என்று அவர் மறுபடியும் கேட்டார். ஒரு தரம் உண்மையைச் சொல்லச் சொல்லி ஒரு மனுஷர் கெஞ்சியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் அதைப் பொறி என்று நினைத்தாள். நானும்தான். “சத்தியமா வலிக்கலீங்க” என்றாள்.

வெளியே வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டேன். அசந்துவிட்டார் டாக்டர் என்றேன். வரும் வழியில் எனக்கு முறுக்கு வாங்கிக்கொடுத்தாள். அந்த முறுக்கைத் தின்றேன் என்பதை இன்றைக்கு வரைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஆபீசில் கூப்பிட்டு ஒட்டிய கவரைக் கொடுத்தார்கள். கொடுத்த குமாஸ்தா அதை மேசையின் ஓரத்தில் வைத்து, அளவுகோலால் எங்கள் பக்கம் தள்ளினார். கடலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிச் சான்று வாங்கி வர வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். பெருவியாதி, அதாவது குஷ்டம் என்று சந்தேகம். தோலில் வெள்ளை, தொட்டால் உணர்ச்சி இல்லை, ஊசி குத்தினாலும் வலியில்லை. அந்த வியாதியைக் கண்டுபிடிக்க அதைத்தான் பார்ப்பார்களாம்.

எட்டாவது வரைக்கும் படித்திருந்தேன். இதை எந்தப் பாடத்திலும் போடவில்லை.

கடலூருக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவுக்கு மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன், தலைகீழாக. ஊசி குத்தினால் கத்து, தொட்டால் தெரியுது என்று சொல். ஏன், வலிக்குதுன்னு சொன்னா வேலை போயிடுமே என்று அவள் குழம்பினாள். இங்கே அப்படி இல்லை என்றேன். கடலூர் டாக்டர் ஊசியை எடுத்ததுமே, படுவதற்கு முன்னாலேயே, வலிக்குதுங்க என்று அலறிவிட்டாள். அவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். முந்திரி உடைக்கிறாள் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாமே, பண்ருட்டிப் பக்கமிருந்து வருகிற பெண்களின் கையெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்றார். கண்ணை மூடச் சொல்லி நிதானமாகப் பார்த்தார். நோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது, முத்திரை இல்லை, தேதி இல்லை என்று. எல்லாம் சரியாகித் தாளை ஆபீசில் நீட்டியபோது, இடங்கள் நிரம்பிவிட்டன என்றார்கள். அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தில் பக்கத்துக் குடிசைக்காரி சேர்ந்திருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது என்று எழுதத்தான் ஆசை. கோபம் உண்டு.

சரி, பழைய கான்ட்ராக்ட் வேலைக்காவது போகலாம் என்று அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அளவுகோலால் கவரைத் தள்ளிய ஆபீசிலிருந்து விஷயம் எப்போதோ வெளியே வந்துவிட்டது. மற்ற பெண்கள் தங்கள் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். நோய் இல்லை என்ற தாளை அம்மா நீட்டினாள். அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. மேஸ்திரி படித்தான். படித்துவிட்டு, “எனக்குத் தெரியுது. இதுங்களுக்கு யாரு சொல்லிக்கினு இருக்கிறது? நாளையிலேருந்து வராத” என்றான். அவனிடம் வலிக்குது என்று ஒரு நாளும் சொல்லாதவளை அப்படி அனுப்பினான்.

அதன் பிறகு அம்மாவுக்கு முந்திரி ஒன்றுதான் கதி. சீசன் நேரத்தில் மட்டும் செய்ததை வருஷம் முழுக்கச் செய்தாள். யார் கொண்டுவந்து போட்டாலும் உடைத்தாள். கை ஆறவே இல்லை. அந்தக் கையால்தான் என்னைப் பள்ளி முடிக்க வைத்தாள், டைப்ரைட்டிங் படிக்க வைத்தாள். நீதானே சொல்லிக்கொடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். தன் மகள் படித்தவள், தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள் என்று கடைசி வரைக்கும் நம்பினாள். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு அதே ஊரில் ஆபீஸ் வேலை கிடைத்தது. பர்மனென்ட். என்னுடைய மெடிக்கல் பத்து நிமிஷத்தில் முடிந்தது; கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆயிற்று, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, எழுபதுகளின் நடுவில் மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு ஒத்தாசையாக அம்மா வந்து தங்கினாள்.

சமைத்தாள், துவைத்தாள், எனக்கு வெந்நீர் ஊற்றினாள். குழந்தையை மட்டும் தொடவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. தூக்க வேண்டியிருந்தால் முந்தானையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு தூக்கினாள். வாசல் கதவு திறந்திருந்தால் அதுவும் இல்லை, பின்கட்டுக்குப் போய்விடுவாள். உனக்கு ஒன்றுமில்லை என்றுதான் அந்த டாக்டரே எழுதிக் கொடுத்தாரே என்று ஒரு நாள் சத்தம் போட்டேன்.

“எனக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். “எதிர் வூட்டு அம்மா எங் கையத்தான பாக்கும். ஒனக்குப் பர்மனென்ட்டு வேல. என்னால அதுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது.”

பெற்றவளின் கையைப் பார்த்து யாருடைய வேலையும் போகாது என்று சொன்னேன். மூன்று சாயங்காலத்தில் அவளுக்கு இல்லீங்க சொல்லிக்கொடுத்தவள் நான். இதைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. இரண்டு மாதம் கூட இருந்தாள். என் மகளை ஒரு நாளும் வெறும் கையால் தூக்கவில்லை.